புத்தளக் கரையோரக் கத்தோலிக்கரும் கூட்டு வழிபாடும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தின் மேற்குக் கரையிலே மகா ஓயாவின் வடகரையில் உள்ள வைக்காலில் தொடங்கி, மாரவில, சிலாபம், முந்தல், புத்தளம் எனத் தொடர்ந்து, கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரை செல்லும் ஒருவர், கடலுக்கும் தென்னஞ்சோலைக்கும் இடையே கத்தோலிக்க ஆலயங்கள் வரிசையாக நிற்பதைக் காண்பார். இவற்றுட் பல ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னரும் எழுந்த கட்டடங்கள். ஆனால் இவ்வாலயங்களிலே கூடும் மக்களின் வரலாறு கட்டடங்களின் வரலாற்றினும் பழையது. 1658 முதல் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள், ஒல்லாந்த அரசு கத்தோலிக்க சமயத்தைத் தன் ஆட்சிப் பரப்பிலே சட்டத்தால் ஒடுக்கியது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன, குருமார் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறிருந்தும் ஒல்லாந்தர் சென்ற பின்னர் இக்கரையிலே எஞ்சியிருந்த கிறித்தவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கராகவே காணப்பட்டனர். இதற்குக் காரணம் யாது?

இவ்வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. ஒன்று, கோவாவிலிருந்து வந்த குருமாரின் தியாகம். மற்றது, மக்களின் உள்ளத்து உறுதி. இரண்டும் உண்மையே. எனினும் இவை இரண்டும் சேர்ந்தும் விடை முழுமை பெறுவதில்லை. குருமார் மிகச் சிலரே. ஓர் ஊருக்கு ஆண்டில் ஓரிரு முறை வருவதே அவர்களுக்கு அரிதாயிருந்தது. உள்ளத்து உறுதியோ, அதனைத் தாங்கும் சமூக வடிவம் இல்லாதவிடத்து ஒரு தலைமுறைக்கு மேல் நிலைப்பது அருமை. குரு இல்லாத நாள்களிலும் மக்கள் கூடினர். கூடுவதற்கென ஓர் ஒழுங்கை வைத்திருந்தனர். அவ்வொழுங்கே அவர்களைக் காத்தது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறித்தவத்திலே கூடிவழிபடுதல் பிற்காலத்திற் சேர்ந்த ஒரு வழக்கன்று. திருச்சபையைக் குறிக்கப் புதிய ஏற்பாடு ஆளும் கிரேக்கச் சொல்லாகிய எக்கிளேசியா என்பது முதலிலே மக்கள் கூட்டத்தையே குறித்தது. கட்டடத்தை அது குறிக்கவில்லை. நாம் ஆளும் சபை என்னுஞ் சொல்லும் அப்பொருளுக்கு மிக நெருங்கியதே. முதல் மூன்று நூற்றாண்டுகளிலே கிறித்தவர் பெரும்பாலும் வீடுகளிலேயே கூடினர். சிரியாவின் தூரா எயுரோப்போசு நகரிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட, 3ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த வழிபாட்டிடம் ஒரு வீட்டைத் திருத்தி அமைத்ததேயாகும்.

கூடுதலே இச்சமயத்தின் உயிர்நிலை என்பதை அதன் பகைவரும் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். கி. பி. 112 அளவிலே பித்தினிய மாகாணத்தை ஆண்ட பிளினி, உரோமப் பேரரசன் திராஜனுக்கு எழுதிய கடிதத்திலே, கிறித்தவர் குறித்ததொரு நாளில் விடியுமுன் ஒன்றுகூடுவதையும் பின்னர் உண்பதற்காக மீண்டும் கூடுவதையும் விவரிக்கின்றான். சங்கங்களைத் தடை செய்து தான் பிறப்பித்த ஆணைக்குப் பின் அவர்கள் உணவுக்கூட்டத்தைக் கைவிட்டதாகத் தெரிவித்தனர் என்றும் அவன் எழுதுகின்றான். தனி ஒருவன் மனத்தில் எதை நம்புகின்றான் என்பதிலும், பலர் சேர்ந்து எங்கே கூடுகின்றனர் என்பதே அரசுக்கு அச்சம் விளைத்தது. பதினாறு நூற்றாண்டுகளின் பின் இலங்கையின் கரையோரத்தில் ஒல்லாந்தர் பிறப்பித்த கட்டளைகளை நோக்கும்போது அதே மனநிலையையே காண்கின்றோம்.

அக்கட்டளைகளை ஆராயுமுன், இக்கரையிலே கிறித்தவம் புகுந்த வகையைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். மன்னார்க் குடாவின் இருமருங்கிலும் கடல்படு தொழில் புரிந்த மக்களிடையே இச்சமயம் பரவியது. தென்பாண்டிக் கரையிலே 1530களில் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் அக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அவர்களுக்குத் தமிழிலே செபங்களைக் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த அண்டிறிக் அடிகளார் 1578இல் கொல்லத்திலே தம்பிரான் வணக்கம் என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். முத்துக்குளிப்பும் மீன்பிடியும் வணிகமும் இரு கரைகளையும் இணைத்தமையால், ஒரு கரையில் நிகழ்ந்தது மறுகரைக்கும் எட்டியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கைக்கு வந்த இயேசு சபையினர் சிலாபத்தையும் அதன் வடபுறத்துக் கரையையும் தம் பணிக்களமாகக் கொண்டனர்.

இவ்வரவு முற்றிலும் அமைதியான வரவன்று என்பதையும் மறைத்தலாகாது. சிலாபத்தை அடுத்த முன்னேசுவரம் ஆலயத்தைப் போர்த்துக்கீசர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடித்தனர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கண்டி மன்னன் கீர்த்திசிறீ இராசசிங்கன் அதனைப் புதுப்பித்தான். படைபலத்தின் நிழலில் வளர்ந்த சமயமே, அந்நிழல் நீங்கியதும் தானும் ஒடுக்கப்பட்டது. போர்த்துக்கீசர் காலத்திலே கோயிலுக்குச் செல்வது ஆள்வோரின் சமயத்தைச் சார்ந்து நிற்பதாகும். அதற்குச் சலுகைகளும் இருந்தன. ஆகவே அக்காலத்துக் கூட்டத்தைக் கொண்டு மக்களின் பற்றை அளவிட முடியாது. அவ்வளவீட்டுக்குரிய காலம் 1658இன் பின்னரே வந்தது.

கொழும்பு 1656இலும், மன்னாரும் யாழ்ப்பாணமும் 1658இலும், கற்பிட்டி அதற்கு அடுத்த ஆண்டிலும் ஒல்லாந்தர் வசமாயின. 1658இலேயே, கத்தோலிக்கக் குருவுக்கு இடமளிப்போருக்கும் அவரை மறைத்து வைப்போருக்கும் மரணதண்டனை என அறிவிக்கப்பட்டது. 1715ஆம் ஆண்டின் கட்டளையோ ஒருபடி மேற்சென்றது. கத்தோலிக்கர் பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபாட்டுக்கெனக் கூடுவதையே அது தடைசெய்தது. இவ்விரு கட்டளைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஆழ்ந்து நோக்கற்பாலது. முதலாவது கட்டளை குருவை இலக்காகக் கொண்டது. குரு இல்லையேல் சமயம் தானே தேயும் என ஒல்லாந்தர் எதிர்பார்த்தனர் போலும். ஏறத்தாழ அறுபது ஆண்டு அனுபவத்தின் பின்னர், குரு இல்லாதபோதும் மக்கள் கூடுகின்றனர் என்பதையும், தம் பகைப்பொருள் அக்கூட்டமே என்பதையும் அவர்கள் கண்டுகொண்டனர்.

ஒல்லாந்தர் கூட்டத்தைத் தடைசெய்ததோடு நில்லாது, தம்முடைய கூட்டத்தையும் ஏற்படுத்தினர். கோயிற்பற்றுத்தோறும் பாடசாலை நிறுவப்பட்டது. சட்டம்பியார் பிள்ளைகளுக்கு எழுத்தும் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானோபதேசமும் கற்பித்தார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபமும் பிரசங்கமும் வாசித்தார். வாராதவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. திருமுழுக்கும் திருமணமும் பாடசாலைத் தோம்பிலே பதியப்பட்டன. அப்பதிவு இல்லாதவனுக்கு முதுசொம்மிலும் உத்தியோகத்திலும் இடர்கள் நேர்ந்தன. எனவே பல கத்தோலிக்கர் தம் பிள்ளைகளை ஒல்லாந்தர் கோயிலிலே பதிவுக்காகக் கொண்டுசென்று, பின்னர் தம் முறைப்படியான சடங்குகளை வீட்டிலே மறைவாக நடத்தினர்.

ஆக, ஒரே மக்கள் இரு கூட்டங்களுக்கிடையே வாழ்ந்தனர். ஒன்றுக்கு வாராதவனுக்குத் தண்டம். மற்றதற்கு வந்தவனுக்குத் தண்டம். வரலாறு தானாக அமைத்துத் தந்த ஒரு பரிசோதனை இது எனலாம். மொழியால் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒல்லாந்தரும் தமிழிலேயே போதித்தனர். 1730களில் கொழும்பிலே அச்சகம் நிறுவி நூல்களை வெளியிட்டனர். கொழும்பிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் அங்கு அச்சாயிற்று. பொருள்வலியும் அச்சுவலியும் ஆட்சிவலியும் ஒருபுறம் இருந்தன. மறுபுறத்தில் இருந்தவை ஏட்டுப்பிரதிகளும் இரவு நேரமுமே.

புத்தளக் கரையின் நில அமைப்பு இவ்விடத்து முக்கியத்துவம் பெறுகின்றது. கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நீண்ட களப்பு ஒன்று கிடக்கின்றது. களப்பின் வாயிலைக் காவல்செய்யும் கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கினர். கண்டி அரசின் கடல்வாணிகத்தை அடக்குவதே அதன் நோக்கம். களப்பின் கீழ்க்கரையிலுள்ள புத்தளமோ கண்டி மன்னனின் துறையாக விளங்கியது. ஒரு கரையிலே தடை. மறுகரையிலே கண்டி மன்னரின் பொறுதி. உப்பும் மீனும் ஏற்றிச் செல்லும் தோணிகள் இவ்விரு உலகங்களையும் நாள்தோறும் இணைத்தன.

இச்சூழலிலேதான் ஜோசப் வாஸ் அடிகள் வருகின்றார். 1651இல் கோவாவிலே பிறந்த இவர், கோவாவின் ஒறற்றோரியன் சபையைச் சேர்ந்தவர். 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்திலே இலங்கை வந்து, யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் தங்கி இரவு வேளைகளிற் பணிபுரிந்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்கெனக் கூடியிருந்தோர் மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தனர். பலர் பிடிபட்டுக் கொடிய தண்டனைக்கு ஆளாயினர். இதன் பின்னரே வாஸ் அடிகள் கண்டி அரசின் எல்லைக்குட்பட்ட புத்தளத்தை வந்தடைந்தார். முப்பது ஆண்டுகளளவாகக் குருவின் வருகையை இழந்திருந்த மக்களை அவர் இங்குக் கண்டார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றன் என்னும் ஐயத்தின்பேரிற் சிறைவைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் நல்லெண்ணத்தைப் பெற்று, 1711இல் கண்டியிலே காலமாகும்வரை நாடெங்கும் பணியாற்றினார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலிலே அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸ் அடிகளின் பெருமையைப் பேசுவோர் அவருடைய துறவையும் துணிவையும் பெரிதும் எடுத்துரைப்பர். வரலாற்று மாணவர் அதனோடு நோக்கவேண்டியது அவர் கையாண்ட ஒழுங்குமுறையை. ஒரு குரு ஒரு நாடு முழுவதையும் சுற்றிவர வேண்டிய நிலையில், அவர் ஓர் ஊரில் தங்கும் சில நாள்களைவிட, அவர் இல்லாத எஞ்சிய மாதங்களே முக்கியமானவை. அம்மாதங்களிலே கூட்டம் கலையாதிருக்க வேண்டுமாயின் ஊரவரே அதனை நடத்துதல் வேண்டும். அவரும் அவருக்குப் பின் கோவாவிலிருந்து வந்த குருமாரும் இதற்கென ஊர்ப் பணியாளர்களை அமைத்தும், முன்னரே இருந்தவர்களை உறுதிப்படுத்தியும் வைத்தனர்.

இவ்வூழியருள் முதல்வர் மூப்பர். ஆலயத்தின் சொத்து, வருவாய், விழா, ஊரொழுங்கு ஆகியன அவர் பொறுப்பிலிருந்தன. அடுத்தவர் அண்ணாவி. செபங்களை முன்னின்று சொல்லுதல், பிள்ளைகளுக்கு மந்திரங்களைப் பாடமாக்குவித்தல், ஞான வாசகங்களை வாசித்தல் என்பன அவர் கடன். ஆலயத்தைப் பேணுபவர் சங்கிலித்தாம். இது போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்த சொல். ஞாயிறும் திருநாளும் மக்கள் கூடினர், செபமாலை ஓதினர். குரு இல்லாத சமயத்திற் பிறந்த குழந்தைக்கு ஆபத்து நேரின் திருமுழுக்கு அளித்தனர். இறப்போரின் அருகிருந்து செபித்தனர். பூசைப் பலியொன்றே குருவுக்காகக் காத்திருந்தது. ஏனைய அனைத்தும் ஊரவர் கையிலே நடந்தன.

அண்ணாவி என்னும் பெயர் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. ஈழத் தமிழர் மரபிலே கூத்தைப் பழக்கி ஆட்டுவிப்பவர் அண்ணாவி. திண்ணைப் பள்ளியிலே எழுத்தறிவிப்பவரும் அண்ணாவி. அதே சொல்லே கத்தோலிக்க ஊர்களிலே செபத்தை முன்னின்று நடத்துவோருக்கும் ஆயிற்று. பலரை ஒருங்குசேர்த்து, ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றையோர் தொடரும் முறை நம் மக்களிடம் முன்னரே இருந்தது. புதிய சமயம் அம்முறையின்மேல் வேர்கொண்டது. ஊரிலே ஏற்கெனவே மதிப்புப் பெற்றிருந்த ஒரு பதவி சமயப் பதவியாகவும் ஆனமையால், ஒல்லாந்தக் காவலருக்கு அதனை அடையாளங்காணுதலும் பிடுங்குதலும் எளிதாயிருக்கவில்லை.

இக்கூட்டங்களுக்கு வாசிக்க நூல் வேண்டும். அக்குறையை நிறைத்தவர் 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். தமிழிலும் சிங்களத்திலும் பல உரைநடை நூல்களையும் செபநூல்களையும் அவர் இயற்றினார். அச்சக வசதி அவருக்கில்லை. நூல்கள் ஏட்டிலே பிரதிசெய்யப்பட்டு ஊர்தோறும் சென்றன. அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே கூட்டத்தின் முன் இராகத்தோடு வாசிக்கப்படுவதற்கென்றே அமைந்த நூல். கிறிஸ்துவின் பாடுகளை ஒருவர் வாசிக்க ஊரே கேட்டு உருகும் வழக்கம் ஈழத்துக் கத்தோலிக்கரிடையே அண்மைக்காலம்வரை நிலவிவந்தது. எழுத்தறியாதவனும் இந்நூலை அறிவான். ஏனெனில் அவன் அதனைக் கண்ணாற் படிக்கவில்லை, கூட்டத்திலிருந்து காதாற் படித்தான். 1742இல் கொன்சால்வெஸ் அடிகள் இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள போலவத்தையிலே காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஈழத்துத் தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் அவருக்கு உரிய இடத்தை அளித்தல் கடமையாகும்.

இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சி யப்பானிலே உண்டு. அங்கு 1614இல் கிறித்தவம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. குருமார் அழிக்கப்பட்ட பின்னர், நாகசாகிப் பகுதியின் மீனவரும் உழவரும் மறைவாகக் கூடி, ஊர்த்தலைவர், திருமுழுக்களிப்பவர், செய்தி சொல்பவர் எனத் தமக்குள் பணிகளை வகுத்துக்கொண்டனர். 1865இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்து தம்மை வெளிப்படுத்தியபோது உலகமே வியந்தது. குரு இன்றி மக்கள் கூட்டம் நிலைபெறும் என்பதற்கு இரு நாடுகளும் சான்று. ஆனால் வேறுபாடும் உண்டு. யப்பானியக் குழுக்கள் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக முற்றிலும் தனித்து நின்றமையால் அவற்றின் செபங்களும் கோட்பாடும் உருமாறின. தடை நீங்கிய பின்னரும் ஒரு பகுதியினர் திருச்சபையோடு சேராது தனித்தே நின்றனர். புத்தளக் கரைக்கோ, கோவாவின் குருமார் அரிதாயினும் வந்துகொண்டிருந்தனர். ஊர்க்கூட்டம் உயிரைக் காத்தது. குருவின் வருகை அக்கூட்டத்தை ஏனைய கூட்டங்களோடு பிணைத்தது. ஒன்றுக்கு மற்றது ஈடாகாது.

இங்கு ஒரு தடையை எழுப்பலாம். கண்டி மன்னரின் ஆதரவே இம்மக்களைக் காத்தது, கூட்டு வழிபாடு அன்று எனச் சிலர் கூறக்கூடும். வாஸ் அடிகளின் காலத்துக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும். ஆயின் 1740களிலே சிறீ விஜய இராசசிங்கனின் ஆட்சியில் கண்டி அரசும் குருமாரை வெளியேற்றியது, ஆலயங்கள் அழிக்கப்பட்டன. 1766இன் உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. களப்பின் இரு கரைகளும் ஓராட்சியின் கீழ் வந்தன. புகலிடம் போன பின்னரும் மக்கள் தம் வழிபாட்டை விடவில்லை. சாதிக் கட்டுப்பாடே அவர்களைப் பிணைத்தது என்பது மற்றுமொரு வாதம். கரையோரச் சமூகங்களின் உறவுக்கட்டு வழிபாட்டுக் கூட்டத்துக்குத் துணைசெய்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அதே உறவுக்கட்டு ஒல்லாந்தரின் கோயிற்பற்றிலும் இருந்தது. அங்கு அது எதனையும் காக்கவில்லை.

கற்பிட்டி 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806இல் ஆள்பதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளைச் சட்டத்தால் நீக்கினார். தண்டமும் போயிற்று, தோம்பின் சலுகையும் போயிற்று. பரிசோதனையின் முடிவு அப்போது வெளிப்பட்டது. ஒல்லாந்தர் பதிவேடுகளிலே பல்லாயிரமாக எழுதப்பட்டிருந்த சுதேச சீர்திருத்தச் சபையினர் விரைவிற் கரைந்தனர். ஒருசாரார் பழைய சமயங்களை வெளிப்படையாக மேற்கொண்டனர், மற்றொரு சாரார் கத்தோலிக்க ஆலயங்களிற் சேர்ந்தனர். 1806இல் யாழ்ப்பாணத்தைக் கண்ட ஆங்கிலப் போதகர் குளோடியஸ் புக்கானன், ஒல்லாந்தர் கட்டிய கோயில்கள் கைவிடப்பட்டும் கோவாக் குருமாரின் கையில் இருந்தும் வந்த நிலையைத் தம் நூலிலே வருத்தத்தோடு எழுதியுள்ளார். கட்டாயத்தாற் கூடியவர் கட்டாயம் நீங்கியதும் கலைந்தனர். தடையை மீறிக் கூடியவர் தடை நீங்கிய பின்னரும் கூடினர். ஒல்லாந்தர் மக்களை ஓரிடத்திற்கு வரவழைத்தனரேயன்றி, அக்கூட்டத்தை மக்களின் உடைமையாக்கவில்லை. சட்டம்பியார் அரசின் சம்பளக்காரர். அண்ணாவி ஊரின் மனிதர். இரு கூட்டங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டின் சாரம் இதுவே.

இம்முடிவைக் கொண்டு அப்பழைய கூட்டங்களைக் குறையற்றனவாகப் போற்றுதலும் தவறு. கூடுமிடத்திலேயே மேல், கீழ் என்னும் வரிசையும் கூடியது. மூப்பர் பதவி சில குடும்பங்களின் உரிமையாகி, வழக்குக்கும் பிணக்குக்கும் இடமளித்தது. 1834இல் இலங்கைக்குத் தனி அப்போஸ்தலிக்க ஆட்சிப்பீடம் ஏற்பட்டு, ஐரோப்பியக் குருமார் வரத்தொடங்கிய பின்னர், கோவாக் குருமாருக்கும் அவர்களுக்கும் இடையிலான அதிகாரப் போட்டியிலே ஊர்கள் பிளவுண்டன. பங்குக் குரு நிலையாக ஊரில் தங்கியதும் அண்ணாவியின் பணி சுருங்கியது. மக்கள் தாமே நடத்திய கூட்டம் மெல்ல மெல்ல மக்கள் வந்து பங்குகொள்ளும் கூட்டமாயிற்று. பாதுகாப்புப் பெற்றபோது பொறுப்பு ஒருவாறு கைநழுவியது எனலாம்.

எனினும் பழைய மரபின் ஆற்றலைக் காண விரும்புவோர் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவிலுக்குச் செல்லலாம். புனித அன்னம்மாளின் பெயரால் அமைந்த அத்திருத்தலத்தில் ஆண்டுதோறும் இருமுறை பெருவிழா நிகழ்கின்றது. தென்னங்கீற்றாலும் சீலையாலும் வாடியமைத்து, மக்கள் குடும்பத்தோடு பல நாள் அங்கே தங்குகின்றனர். மணற்பரப்பிலே சமைத்து உண்டு, இரவிலே செபித்து, கடற்காற்றிலே உறங்குகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தரும் நேர்த்தி செலுத்த வருகின்றனர். செபம் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிக்கின்றது. கடற்றொழிலாளர் பருவந்தோறும் இடம்பெயர்ந்து வாடியடித்து வாழும் வழக்கமும் வழிபாட்டு வழக்கமும் இங்கு ஒன்றாகியுள்ளன.

மொழியைப் பற்றிய செய்தி தமிழ் மாணவராகிய நம்மை நேரடியாகத் தொடுவது. சிலாபம் முதல் தெற்கே செல்லும் கரையோர ஊர்களில் ஒருகாலத்தில் தமிழே பேச்சுமொழியாகவும் செபமொழியாகவும் விளங்கியது. இருபதாம் நூற்றாண்டிலே இவ்வூர்களிற் பெரும்பாலானவை சிங்கள மொழிக்கு மாறின. பாடசாலை மொழி, தொழில், திருமண உறவு, அரசியல் எனக் காரணங்கள் பல. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாயின. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டிலே மக்கள் மொழிக்கு இடமளித்தபோது, இலத்தீனின் இடத்தை எம்மொழி கொள்வது என்னும் வினா ஒவ்வோர் ஆலயத்திலும் எழுந்தது. தென்புறத்து ஊர்களிற் பெரும்பாலும் சிங்களமே அவ்விடத்தைப் பெற்றது. வீட்டிலே பேச்சு மாறிய பின்னரும் செபத்திலே தமிழைக் கைவிடாத முதியவர் இக்கரையிலே இருந்தனர் என்பது இம்மாற்றத்தின் போக்கைக் காட்டும். மொழி முதலிற் பிரிந்தது சந்தையிலும் பள்ளியிலும். இறுதியிற் பிரிந்தது வழிபாட்டுக் கூட்டத்திலே.

ஆகவே கூட்டு வழிபாடு அனைத்தையும் காத்தது என்று கூறிவிட முடியாது. அது ஒரு சமூகத்தைக் காத்தது; அச்சமூகத்தின் மொழியை இறுதிவரை காக்கவில்லை. சிங்களம் பேசும் கத்தோலிக்க ஊர்களிலே மூப்பு, அண்ணாவி, சங்கிலித்தாம் என்னும் சொற்கள் சிங்கள உருவிலே வழங்கியதைக் காணும்போது, தமிழ் சென்ற வழியில் அதன் காற்சுவடு எஞ்சியிருப்பதை உணரலாம். இதை இழப்பு என்று தமிழ் மாணவன் வருந்துவது இயல்பு. ஆனால் இரு மொழியினராகப் பிரிந்த ஒரு மக்களை ஒரே திருத்தலத்தின் மணலில் இன்றும் அருகருகே அமரச்செய்வதும் அதே கூட்டு வழிபாடுதான் என்பதை அவன் மறத்தலாகாது. இனமும் மொழியும் பகைக்குக் கருவியான ஒரு நாட்டிலே இது சிறிய செயலன்று.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் ஆலயங்களிலும் கொழும்பின் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 250இற்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டுவாப்பிட்டி, புத்தளம் மாவட்டத்தின் தென்னெல்லைக்கு அணித்தாகவுள்ள ஊர். கொலையாளிகள் தெரிந்தெடுத்தது மக்கள் பெருந்தொகையாகக் கூடும் நாளையும் நேரத்தையுமே. அடுத்த ஞாயிறு நாடெங்கும் கத்தோலிக்க ஆலயங்கள் மூடியிருந்தன. பூசை தொலைக்காட்சி வழியே நடந்தது. 2020இல் பெருந்தொற்றும் மக்களை மீண்டும் வீட்டோடு கட்டியது. கூடாதிருப்பது எத்தகைய வறுமை என்பதை இத்தலைமுறை அவ்விரு காலங்களிலும் தன் அனுபவத்தால் அறிந்தது. ஒல்லாந்தர் காலத்து முன்னோர் இருளிலே தோணியேறிக் களப்பைக் கடந்ததன் பொருளும் அவ்வனுபவத்தின்பின் நமக்குச் சற்றே விளங்குகின்றது.

தொகுத்து நோக்கின், இக்கரையின் வரலாறு நமக்கு உணர்த்துவன மூன்று. வழிபாட்டுக்கெனக் கூடுதல் நம்பிக்கையின் வெளியடையாளம் மட்டுமன்று. அந்நம்பிக்கை தலைமுறை கடந்து செல்லும் வாய்க்காலும் அதுவே. அக்கூட்டம் கூடுவோரின் கையில் இருக்கும்போதே வலிமை பெறுகின்றது; அரசின் ஆணையாலோ குருவின் தனி முயற்சியாலோ அவ்வலிமை வருவதில்லை. ஓர் ஊரின் கூட்டம் பிற ஊர்களின் கூட்டங்களோடு தொடர்பு கொண்டிருந்தாலன்றித் தன் வடிவத்தை நெடுங்காலம் பேணுதல் அரிது. இவ்வுண்மைகள் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியனவல்ல. பள்ளிவாசலாயினும் அம்மன் கோயிலாயினும் விகாரையாயினும் வாசகசாலையாயினும், மக்கள் தம் கையால் நடத்தும் கூட்டமே மக்களைக் காக்கும். அக்கூட்டத்தை நடத்திய அண்ணாவிமாரின் பெயர்களில் மிகச் சிலவே நமக்குக் கிடைத்துள்ளன. அவர்கள் வாசித்த ஏடுகளும் செல்லரித்து அழிந்துகொண்டிருக்கின்றன. இக்கரையின் ஆலயப் பதிவேடுகளையும் ஏட்டுப்பிரதிகளையும் முதியோர் நினைவில் எஞ்சியுள்ள தமிழ்ச் செபங்களையும் தேடித் தொகுக்கும் பணி நம் பல்கலைக்கழக மாணவரை எதிர்நோக்கி நிற்கின்றது.